பதினேழு மில்லிமீட்டர்

கிளாரினெட்டின் ஊதுவாய்க்கும் மேல்குழலுக்கும் நடுவே விரல் நீளத்துக்கு ஒரு மரத்துண்டு உண்டு. பேரல் என்பார்கள். நாகசுரத்தில் சீவாளிக்கும் உலவுக்கும் நடுவே கெண்டை இருக்கிற மாதிரி. அதில் சாவி கிடையாது, விரல்துளையும் கிடையாது. ஆனால் சுருதி சேரவில்லையென்றால் முதலில் கை போவது அங்கேதான். 66 மி.மீ. பேரலைக் கழற்றி 65 போட்டால் சுருதி கொஞ்சம் ஏறும், 67 போட்டால் இறங்கும்.

"அப்போ இன்னும் நீளமா ஒண்ணு போட்டா எந்தச் சுருதிக்கும் கொண்டுவந்துடலாமே?" என்று கேட்டார் ஒரு நண்பர். அவரிடம் இருந்தது பழைய ஆங்கிலேயக் கருவி. மரத்தில் 'எச்.பி.' முத்திரை, அதாவது ஹை பிட்ச். அவருக்குப் பதில் சொல்ல நான் 1895 லண்டனுக்குப் போகவேண்டியிருந்தது.

'ஏ' சுரத்துக்கு விநாடிக்கு 435 அதிர்வு என்று பிரான்ஸ் 1859-லேயே அரசாணை போட்டுவிட்டது. ரோசினியும் பெர்லியோஸும் இருந்த குழு சொன்னது அது. இங்கிலாந்து கேட்கவில்லை. அங்கே 452 வரை ஏறிக் கிடந்தது. அவஸ்தை பாடகர்களுக்கு. குயின்ஸ் ஹாலில் கச்சேரித் தொடர் ஒன்று தொடங்க (இன்றைய ப்ராம்ஸ் அதுதான்) ராபர்ட் நியூமன் பணம் தேடியபோது, கொடுக்க முன்வந்தவர் ஜார்ஜ் காத்கார்ட் என்ற தொண்டை மருத்துவர். ஹென்றி வுட்தான் நடத்தணும், சுருதி இறங்கணும். இவை அவர் போட்ட நிபந்தனைகள்.

வயலின்காரர்கள் தந்தியைத் தளர்த்தினால் ஆச்சு. ஊதுகிறவர்கள் என்ன செய்வார்கள்? கைக்காசு போட்டுப் புதுக்கருவி வாங்க முடியாது என்றார்கள். நியாயம்தானே! காத்கார்ட் பெல்ஜியத்திலிருந்து தானே ஒரு செட் வரவழைத்து இரவல் கொடுத்தார். சீசன் முடிந்ததும் அவர்களே அவற்றை விலைக்கு எடுத்துக்கொண்டார்கள். மறுவருடம் ஃபில்ஹார்மானிக் சொசைட்டியும் 439-க்கு இறங்கியது.

பேரலை மட்டும் மாற்றியிருக்கக்கூடாதா? கணக்குப் போட்டுப் பார்த்தேன். அடிமட்டச் சுரத்துக்கு ஒலிக்கும் குழல் ஏறக்குறைய 58 செ.மீ. 452-ஐ 439 ஆக்க அதில் நூற்றுக்கு மூன்று கூட்டணும், அதாவது சுமார் 17 மி.மீ. மொத்தத்தையும் பேரலில் சேர்த்தால் அந்தச் சுரம் சரியாகிவிடும். ஆனால் விரலே வைக்காமல் ஊதும் 'ஜி'க்குக் குழல் 25 செ.மீ. சுமார்தான். அதற்கு இதே 17 மி.மீ. என்பது நூற்றுக்கு ஏழு. கால் கட்டை இறங்கவேண்டியது அரைக்கட்டைக்கும் கீழே போய்விடும். இந்த இடத்துச் சுரங்களுக்குப் பெயரே தொண்டைச் சுரங்கள். காத்கார்ட் ரசித்திருப்பார்.

ஆகவே பேரலால் முடிவது ஒன்றிரண்டு மில்லிமீட்டர். அதற்குள்ளும் நீளம் மட்டும் பார்த்து வாங்கக்கூடாது என்பேன். ஃபிலடெல்ஃபியாவில் ஹான்ஸ் மோனிக் கடைந்த பேரல்களின் உள்துளை மேலே அகன்று கீழே குறுகும். கீழ்ச்சுரமும் அதே விரலில் வரும் மேல்சுரமும் ஒன்றுக்கொன்று சேரத்தான் அந்தச் சரிவு. ஒரே 66, துளை வேறென்றால் பேச்சும் வேறு.

நான் சோதிக்கும்போது கால் மணி நேரம் ஊதிக் கருவியைச் சூடாக்கிக்கொள்வேன். குளிர்ந்த குழல் இறங்கித்தான் பேசும். ஊதுவாயையும் ரீடையும் மாற்றமாட்டேன். ஒவ்வொரு பேரலிலும் முதலில் திறந்த 'ஜி', அடுத்து எல்லா விரலும் மூடிய 'பி'. கண்ணை மூடிக்கொண்டு சுரத்தைப் பிடித்து நிறுத்திய பிறகுதான் ட்யூனரைப் பார்ப்பது. முள்ளைப் பார்த்துக்கொண்டே ஊதினால் உதடு தானாகச் சரிசெய்துவிடும், எந்தப் பேரலும் நல்ல பேரலாகத் தெரியும்.