செங்கல் இல்லை, பெட்ரோல் இல்லை

செஞ்சிக்குப் போகிறவர்கள் ராஜகிரிக் கோட்டையில் மூச்சு வாங்க ஏறுகிறார்கள், தேசிங்கு ராஜன் கதையை நினைத்து ஒரு பெருமூச்சு விடுகிறார்கள், திரும்பி விடுகிறார்கள். விழுப்புரத்திலிருந்து செஞ்சிக்கு வரும் சாலையை விட்டுச் சற்றே விலகினால் மண்டகப்பட்டு என்று ஒரு சிற்றூர் இருப்பதை அவர்களில் பலர் அறியார். அங்கே ஒரு பாறையைக் குடைந்து மகேந்திரவர்ம பல்லவன் ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு கோயில் எடுத்தான். முகப்பின் இரு புறமும் துவாரபாலகர்கள் கதாயுதத்தோடு நிற்கிறார்கள். உள்ளே பின்சுவரில் மூன்று அறைகள். மூன்றும் வெறுமையாக இருக்கின்றன. பிரமனுக்கும் ஈசனுக்கும் திருமாலுக்கும் இந்தக் கோயிலை விசித்திரசித்தன் ஆக்கினான், அதற்குச் செங்கல் கொள்ளவில்லை, மரம் கொள்ளவில்லை, உலோகமும் சுண்ணாம்பும் கொள்ளவில்லை என்பது அங்குள்ள வடமொழிக் கல்வெட்டின் சாரம். விசித்திரசித்தன் என்பது மகேந்திரனின் விருதுப் பெயர்களில் ஒன்று.

இந்தக் கல்வெட்டை இதில்லாமல் அதைச் செய்தவனின் பெருமிதம் என்று எல்லோரும் சொல்வார்கள். அது சரிதான். ஆனால் அந்தத் தூண்களைச் சற்று நின்று பாருங்கள். அடியும் தலையும் சதுரம், நடுவில் எட்டுப்பட்டை. பருத்த, குட்டையான தூண்கள். மேலே போதிகை இருக்கிறது. மரத்தால் கட்டும்போது உத்தரத்தைத் தாங்கப் போதிகை வேண்டும். ஒரே பாறையில் குடைந்த கோயிலில் அது எதைத் தாங்குகிறது? எதையும் தாங்கவில்லை. மரம் போய்விட்டது, மரத்தின் ஞாபகம் போகவில்லை. சரக்கை மாற்றுவது ஒரு நாள் வேலை. புதுச் சரக்கின் குணத்தைக் கற்பது பல தலைமுறை வேலை.

இதற்கும் மோட்டார் காருக்கும் என்ன சம்பந்தம் என்று வாசகர்கள் முணுமுணுப்பது காதில் விழுகிறது. சம்பந்தம் இருக்கிறது. பெட்ரோலுக்காகச் செய்த எஞ்சினைப் பெட்ரோல் இல்லாமல் ஓட்டுகிற காரியத்தை நம் நாட்டில் இரண்டு முறை செய்து பார்த்திருக்கிறோம். ஒரு முறை யுத்தத்தின் கட்டாயத்தால். இன்னொரு முறை விலையின் கட்டாயத்தால்.

முதல் கதை 1941-இல் தொடங்குகிறது. அந்த ஆண்டில் இந்தியாவில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தது. 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் வசம் போயிற்று. ஏப்ரலில், ஏனாங்யவுங் எண்ணெய்க் கிணறுகளைப் பின்வாங்கும் பிரிட்டிஷ் படையே அழித்துவிட்டுப் போயிற்று. பர்மா எண்ணெய் அத்தோடு நின்றது. சென்னை ராஜதானியில் பஸ் ஓட வேண்டுமானால் வேறு வழி பார்த்தாக வேண்டும். அப்போது வந்ததுதான் கரி பஸ். மதுரையில் டி.வி.எஸ். கம்பெனியார் தாங்களே 'காஸ் பிளாண்ட்' செய்து விற்றார்கள். பஸ்ஸின் பின்புறத்தில் ஆள் உயரத்துக்கு ஓர் இரும்பு உருளை, அதற்குள் மரக்கரி. ஐரோப்பாவிலும் இதே கதைதான். ஜார்ஜ் அம்பேர் என்ற பிரெஞ்சுக்காரர் 1920-களில் சீர்ப்படுத்திய விறகு வாயு உலையை வைத்துக்கொண்டு, யுத்தம் முடியும் தறுவாயில் ஜெர்மனியில் மட்டும் சுமார் 5 லட்சம் வண்டிகள் ஓடின.

கரி எப்படி எஞ்சினை ஓட்டும்? போதிய காற்றுக் கொடுக்காமல் கரியைக் கனல விட்டால் கார்பன் மோனாக்ஸைடு என்ற வாயு பிறக்கிறது. கொஞ்சம் நீராவி சேர்ந்தால் ஹைட்ரஜனும் பிறக்கும். இரண்டும் எரியும். ஆனால் காற்றோடு வந்த நைட்ரஜன் எரிவதற்கும் உதவாமல், போகவும் மாட்டாமல், வாயுவில் ஏறக்குறைய பாதி இடத்தை அடைத்துக்கொள்கிறது. கல்யாண வீட்டில் வேலை செய்யாமல் பந்தியில் மட்டும் உட்காரும் உறவினர் மாதிரி. ஆகவே எஞ்சினின் சக்தியில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை போய்விடும். மேடு வந்தால் பிரயாணிகள் இறங்கி நடப்பார்கள். சில சமயம் தள்ளவும் செய்வார்கள்.

காலை ஆறு மணி பஸ்ஸுக்கு ஐந்தரை மணிக்கே கண்டக்டரோ கிளீனரோ துருத்தியைச் சுற்ற ஆரம்பிக்க வேண்டும். வாயு பிடித்ததா என்று குழாய் வாயில் தீக்குச்சியைக் காட்டிப் பார்ப்பார்கள். ஜ்வாலை நின்று எரிந்தால்தான் எஞ்சினைத் தொடலாம். கரி ஈரமாக இருந்தால் ஒரு கோளாறு, தூளாக இருந்தால் வேறொரு கோளாறு. சாம்பல் உருகிக் கட்டி தட்டினால் உலை மூச்சுத் திணறும். வடிகட்டியில் தூசி அடைத்தால் எஞ்சின் திணறும். மூடியில் மயிரிழை இடைவெளி இருந்தாலும் வெளிக்காற்று புகுந்து வாயு நீர்த்துவிடும். இந்த வாயு மெதுவாக எரிவதால், பொறி விழும் நேரத்தைப் பெட்ரோல் வண்டியைவிட முன்கூட்டியே வைக்க வேண்டும். போதாக்குறைக்கு, கார்பன் மோனாக்ஸைடு மணமில்லாத விஷம்; மூடிய கொட்டகையில் உலையை மூட்டினால் உயிர் போகும். இத்தனையும் எந்தப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள்? டிரைவர்கள் சாலையிலேயே கற்றார்கள். யுத்தம் முடிந்தது, சில காலத்தில் பெட்ரோலும் தாராளமாக வந்தது. உருளைகளைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டார்கள். அவர்கள் கற்ற வித்தையும் அதோடு போயிற்று.

இரண்டாவது கதை அமெரிக்காவில் ஒரு புகாரில் தொடங்குகிறது. 1910-இல் ஃபோர்டு கார் வைத்திருந்த ஒருவர், தாம் ஒரு காலன் பெட்ரோல் வாங்கினால் வீடு போய்ச் சேர்வதற்குள் பாதி காணாமல் போகிறது என்று முறையிட்டாராம். அதை ஆராயப் புகுந்த வால்டர் ஸ்நெல்லிங் என்ற ரசாயனி, ஓடிப்போகும் ஆவியில் புரொப்பேனும் பூட்டேனும் இருப்பதைக் கண்டார். அழுத்தினால் அவை திரவமாகும். திறந்து விட்டால் சுமார் 250 மடங்கு வாயுவாக விரியும். நம் சமையலறைக்கு வந்த காஸ் இதுதான். பம்பாயில் 1955-இல் பர்மா ஷெல் இதை விற்கத் தொடங்கியது. கல்கத்தாவில் 1965-இல் இண்டேன் வந்தது.

காரிலிருந்து கண்டுபிடித்த வாயு காருக்கே திரும்பி வர நம் நாட்டில் வெகு நாள் ஆயிற்று. சட்டம் வருவதற்கு முன்பே ஜனங்கள் வந்துவிட்டார்கள். வீட்டு உபயோகத்துக்கு மானிய விலையில் கிடைத்த சிவப்பு சிலிண்டர், மாருதி ஆம்னி வேனின் பின்சீட்டுக்குக் கீழே புகுந்தது. அடுப்புக்குப் போகிற ரப்பர் குழாய், அடுப்புக்குரிய ரெகுலேட்டர், கொஞ்சம் கம்பிக் கட்டு, அவ்வளவுதான். இந்த வாயு காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது. கசிந்தால் மேலே போகாது. வேனின் தரையில் குளம்போலத் தேங்கி ஒரு பொறிக்காகக் காத்திருக்கும். அந்த வேன்களில் பல, பள்ளிக்கூடத்துக்குக் குழந்தைகளை ஏற்றிச் சென்றவை என்பதை நினைத்தால் இன்றும் வயிற்றைக் கலக்குகிறது.

2000-ஆம் ஆண்டில் மோட்டார் வாகனச் சட்டம் திருத்தப்பட்டது; 2001-இல் தனி ஆணையும் வந்தது. வண்டிக்கென்றே செய்த தொட்டி, 80 சதவீதத்துக்கு மேல் நிரம்பாதபடி தடுக்கும் வால்வு, குழாய் அறுந்தால் தானே மூடிக்கொள்ளும் அமைப்பு, பங்கில் மட்டுமே நிரப்பும் விதி எல்லாம் அதன் பிறகு ஒழுங்குக்கு வந்தன. சென்னையில் ஆட்டோ ரிக்ஷாக்கள் ஏராளமாகக் காஸுக்கு மாறின.

ஆனால் சட்டம் தொட்டியைத் திருத்தலாம். எஞ்சினுக்குச் சமாதானம் சொல்ல மெக்கானிக்தான் வர வேண்டும். நண்பர் ஒருவரின் பழைய அம்பாஸடரில் மண்டகப்பட்டு பார்த்துவிட்டுச் செஞ்சிக்குப் போகும்போது இதைக் கண்ணால் கண்டேன். நகரத்தில் ஏதோ ஒரு பட்டறையில் அதற்குக் காஸ் பொருத்தியிருந்தார்கள். வண்டி 'டப்' என்று இருமுறை வெடித்தது. பிறகு இழுக்க மறுத்து நின்றது. நண்பர் பிளக்குகளைக் கழற்றித் துடைத்துப் பார்த்தார். பயனில்லை. செஞ்சியிலிருந்து வந்த இளைஞர் பானெட்டைத் திறந்தார்; எதையும் தொடவில்லை. வெயில் கொளுத்துகிற நேரத்தில், வாயுவைப் பக்குவப்படுத்தும் ரெட்யூசர் மேல் வெண்பனி பூத்திருந்தது.

"பெட்ரோல் வண்டின்னு நெனச்சுக்கிட்டு பிளக்கைத் தேடறீங்க, சார். மொதல்ல தண்ணியைப் பாருங்க" என்றார்.

"காஸ் வண்டிக்கும் தண்ணிக்கும் என்னப்பா?" என்று நண்பர் கேட்டார்.

"திரவம் வாயுவாகணும்னா சூடு வேணும் சார். ரேடியேட்டர் சுடுதண்ணிதான் அந்தச் சூட்டைக் குடுக்குது. ரெட்யூசரை ரேடியேட்டரைவிட உயரத்துல மாட்டிட்டாங்க. தண்ணி கொஞ்சம் கொறஞ்சாலும் காத்து அங்கதான் போய் ஒக்காரும்."

எஞ்சின் ஆறும் வரை காத்திருந்து தண்ணீர் நிரப்பினார். ஹோஸைத் தளர்த்திக் காற்றை வெளியேற்றினார். அந்தப் பெட்டியை நான்கு விரற்கடை கீழே இறக்கி மாட்டினார். பிறகு ஏர் பில்டரைத் தட்டி மண்ணைக் கொட்டினார். ஒரு பங்கு வாயுவுக்கு 25 முதல் 30 பங்கு காற்று வேண்டும். பில்டர் அடைத்தால் கணக்குத் தப்பும். விரிசல் விட்ட பிளக் ஒயர் ஒன்றை மாற்றினார். காஸ் கலவையைப் பற்ற வைக்கப் பெட்ரோலைவிட வலுவான பொறி தேவை. மின்சாரம் வழியில் கசிந்தால் கலவை எரியாமல் தங்கி, தப்பான நேரத்தில் வெடிக்கும். அதுதான் அந்த 'டப்'. இணைப்புகளில் சோப்பு நுரை தடவிக் கசிவு பார்த்தார். கடைசியாகக் கலவைத் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, தலையைச் சாய்த்து எஞ்சின் ஓசையைக் கேட்டார். வீணைக்காரர் சுருதி கூட்டும்போது அப்படித்தான் சாய்வார்.

புறப்படும்போது இன்னொன்றும் சொன்னார். பெட்ரோலிலிருந்து காஸுக்கு மாறும்போது, கார்புரேட்டரில் மிச்சமிருக்கிற பெட்ரோல் தீரும் வரை பொறுக்க வேண்டுமாம். இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் எஞ்சின் இரண்டையும் ஏற்காதாம்.

காஸில் ஓடும் காரில் அந்தக் கார்புரேட்டர் இன்னும் இருக்கிறது. கல் தூணில் போதிகை இருப்பது போல. மகேந்திரன் மண்டகப்பட்டோடு நிற்கவில்லை. பல்லாவரத்திலும் மாமண்டூரிலும் தளவானூரிலும் குடைந்தான். அவனுக்குப் பின்வந்த மாமல்லன் காலத்துச் சிற்பிகள் மாமல்லபுரத்தில் தூண்களை மெலிய வைத்து, அடியில் சிங்கத்தை உட்கார வைத்தார்கள். கல்லுக்கு என்ன பிடிக்கும் என்று அதற்குள் அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. கரி பஸ்ஸை ஓட்டியவர்களுக்கு அந்த அவகாசம் கிடைக்கவில்லை. நாலைந்து வருஷத்தில் கற்றதை அடுத்தவனுக்குச் சொல்வதற்குள் உலையையே கழற்றிவிட்டார்கள். விசித்திரசித்தன் தன் பெயரைப் பாறையில் வெட்டி வைத்தான். அந்தப் பாறையைக் குடைந்தவன் பெயர் அங்கே இல்லை. துருத்தி சுற்றிய கிளீனர் பெயரும் எங்கும் இல்லை. இப்போது பெட்ரோல் வண்டிகளில் பாட்டரியும் மின் மோட்டாரும் பொருத்துகிற பேச்சு நடக்கிறது. பொருத்துவார்கள், அதிலும் ஏதோ ஒரு சாலையோரத்தில் ஏதோ ஒரு வண்டி நிற்கத்தான் செய்யும். அதைச் சரி செய்கிற இளைஞரிடம் ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்து, தெரிந்ததை எழுதி வைக்கச் சொல்ல வேண்டும். பாறையில் வெட்ட வேண்டாம்; காகிதம் போதும்.