சின்ன வயசுல ரத்தப் புற்றுநோய். குணமாகி 20 வருஷம் ஆச்சு... இன்னும் பரிசோதனை தேவையா?

நாகர்கோவிலில் ரயில் ஏறினால் திருவனந்தபுரம் சுமார் 70 கிலோமீட்டர். சென்னையோ 700 கிலோமீட்டருக்கும் மேல். அதனால்தான் குமரி மாவட்டத்தில் ஒரு பிள்ளைக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தால், பல குடும்பங்கள் முதலில் ஓடுவது 1981-ல் தொடங்கப்பட்ட திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்துக்கு. ஊரில் சுருக்கமாக 'ஆர்சிசி'. 1956 நவம்பர் 1-ல் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்துவிட்டது. ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழி மட்டும் பழைய திருவிதாங்கூர் வழிதான்.

அப்படி 1990களிலும் 2000களிலும் சிகிச்சை எடுத்துப் பிழைத்த பிள்ளைகள் இப்போது 25, 30, 35 வயதுக்காரர்கள். ரப்பர் பால் வெட்டப் போவார்கள், கடலுக்குப் போவார்கள், பேங்க் பரீட்சைக்குப் படிப்பார்கள், வளைகுடா விசாவுக்குக் காத்திருப்பார்கள். வீட்டில் கல்யாணப் பேச்சு நடக்கும். நோய் திரும்பி வரவில்லை. "எல்லாம் சொகமாயாச்சுல்லா, இனி என்னத்துக்கு ஆஸ்பத்திரி?" என்று வீட்டார் கேட்பதும் நியாயமான கேள்விதான். அதற்கான பதில், அன்று என்ன மருந்து கொடுத்தார்கள், எவ்வளவு கொடுத்தார்கள் என்பதில் இருக்கிறது.

முதலில், இத்தனை பேர் பிழைத்தது எப்படி?

குழந்தைகளுக்கு வரும் ரத்தப் புற்றுநோயில் பெரும்பங்கு 'ஏ.எல்.எல்.' எனப்படும் வகை. இரண்டு முதல் ஐந்து வயதுக்குள்தான் அதிகம் வரும். 1940களில் இது வந்தால் சில வாரங்கள், மிஞ்சிப்போனால் சில மாதங்கள், அவ்வளவுதான். 1948-ல் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்ற மருத்துவர் அமினோப்டெரின் என்ற மருந்தால் நோயைத் தற்காலிகமாக அடக்கிக் காட்டினார். அவருக்கு அந்த மருந்து கிடைத்தது எல்லப்பிரகட சுப்பாராவின் ஆய்வுக்கூடத்தில் இருந்து. சுப்பாராவ் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். அந்த மருந்தின் தம்பி மாதிரியான மெதோட்ரெக்சேட் இன்றும் இந்தச் சிகிச்சையின் முக்கிய மருந்துகளில் ஒன்று.

1960களில் அமெரிக்காவின் செயின்ட் ஜூட் மருத்துவமனையில் டொனால்ட் பிங்கல் குழு பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்து, மூளைக்குக் கதிர்வீச்சும் கொடுத்தது. பாதிப் பேர் வரை முழுமையாகக் குணமானார்கள். இந்தியாவில் திருப்பம் வந்தது 1980களின் நடுவில். 'எம்.சி.பி. 841' என்ற ஒரே சிகிச்சை முறையை மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை, டெல்லி எய்ம்ஸ், சென்னை அடையாறு புற்றுநோய் மையம் மூன்றும் கடைப்பிடிக்க ஆரம்பித்தன. அதற்கு முன் ஐந்தில் ஒரு குழந்தை பிழைப்பதே பெரிய விஷயம். இன்று நல்ல மையங்களில் பெரும்பான்மையான குழந்தைகள் பிழைக்கிறார்கள். பணக்கார நாடுகளில் பத்தில் ஒன்பது பேர்.

மருந்து உடம்பில் எதை விட்டுவிட்டுப் போகிறது?

சிகிச்சை இரண்டு, இரண்டரை வருடம் நடக்கும். நோயைக் கொன்ற அதே மருந்துகள் வளரும் உடம்பையும் தொட்டுவிட்டுத்தான் போகின்றன. சிக்கல் என்னவென்றால், விளைவு உடனே தெரியாது. பத்து வருடம், இருபது வருடம் கழித்துக்கூட வரலாம். மருத்துவர்கள் இவற்றைப் 'பின்விளைவுகள்' என்பதோடு 'தாமத விளைவுகள்' என்றும் பிரித்துச் சொல்வது அதனால்தான்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது இதயம். வார்டில் 'சிவப்பு மருந்து' என்று பெற்றோர் அடையாளம் சொல்வார்களே, அந்த டாக்ஸோரூபிசின், டானோரூபிசின் வகை மருந்துகள் இதயத் தசையைப் பலவீனப்படுத்தக்கூடியவை. உடம்பின் பரப்பளவில் ஒரு சதுர மீட்டருக்கு மொத்தம் 250 மில்லிகிராமோ அதற்கு மேலோ போயிருந்தால் ஆபத்து அதிகம் என்பது சர்வதேச வழிகாட்டுதல். அப்படிப்பட்டவர்கள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை எக்கோ எடுக்க வேண்டும். 100-க்கு மேல் 250-க்குள் என்றால் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை போதும். மூச்சு வாங்குவது, கால் வீங்குவது எல்லாம் வருவதற்கு முன்பே எக்கோ காட்டிக்கொடுத்துவிடும். மாத்திரையால் கட்டுப்படுத்தவும் முடியும். இன்னொன்று: இந்த மருந்து ஏறிய உடம்பில் ரத்த அழுத்தமும் சேர்ந்தால் இதயம் கெடும் வாய்ப்பு பல மடங்காகிறது. 30 வயதுக்காரருக்கு யாரும் பி.பி. பார்க்கச் சொல்வதில்லை. இவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும். 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர் வீட்டு வாசலுக்கு வந்தால், வயசானவர்களுக்கு மட்டும்தானே என்று உள்ளே போய்விடக் கூடாது.

அடுத்தது தலைக்குக் கொடுத்த கதிர்வீச்சு. ஊர்ப் பேச்சில் 'கரண்ட் வைப்பது'. மூளைக்குள் நோய் ஒளிந்துகொள்ளாமல் இருக்க அந்தக் காலத்தில் பல குழந்தைகளுக்கு இதைக் கொடுத்தார்கள். எம்.சி.பி. 841-லும் அது உண்டு. இப்போது பெரும்பாலும் முதுகுத்தண்டு ஊசியாலேயே சமாளித்துவிடுகிறார்கள். கதிர்வீச்சு வாங்கியவர்களில் சிலருக்கு உயரம் குறையும், தைராய்டு குறையும், உடல் எடை கூடும். கவனம் சிதறும், கணக்கு ஏறாது, மற்றவர்கள் ஒரு மணி நேரத்தில் முடிப்பதை முடிக்க இரண்டு மணி நேரம் ஆகும். பள்ளியில் இவர்களுக்குக் கிடைத்த பெயர் 'மக்கு'. அது மருந்தின் விளைவு என்று வாத்தியாருக்கும் தெரியாது, பிள்ளைக்கும் தெரியாது. வயது முப்பதான பிறகும் 'நமக்குப் படிப்பு வராது' என்றே நினைத்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

இந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்பதற்கு ஓர் ஆய்வைச் சொல்லலாம். ஏ.எல்.எல். குணமாகிப் பத்து வருடம் தாண்டிய 856 பேரை செயின்ட் ஜூட் மருத்துவமனை ஆராய்ந்து 2003-ல் முடிவை வெளியிட்டது. கதிர்வீச்சு பெறாதவர்களில் 20 வருடத்தில் இன்னொரு கட்டி வந்தவர்கள் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு. பெற்றவர்களில் நூற்றுக்குச் சுமார் 21 பேர். இதில் ஆபத்தில்லாத கட்டிகளும் அடக்கம் என்றாலும் இடைவெளி பெரியதுதான். வேலை கிடைக்காமல் இருந்தவர்களும் கதிர்வீச்சு பெற்றவர்களில்தான் அதிகம். பெறாதவர்களோ சராசரி மனிதர்களைப் போலவே வாழ்ந்தார்கள்.

ஸ்டீராய்டு எலும்பை அரிக்கும். குறிப்பாகப் பத்து வயதுக்கு மேல் சிகிச்சை எடுத்தவர்களுக்கு இடுப்பு எலும்பின் பந்துப் பகுதியில் ரத்த ஓட்டம் நின்று அது நொறுங்கலாம். விடியற்காலையில் மேடு பள்ளத்தில் நடந்து பால் வெட்டுகிறவருக்கோ, ஆடும் வள்ளத்தில் நின்று வலை இழுக்கிறவருக்கோ இடுப்பு வலி வந்தால் வேலையால் வந்தது என்றுதான் தைலம் தேய்ப்பார்கள். ஒரு எம்.ஆர்.ஐ. எடுத்தால் விஷயம் தெரிந்துவிடும்.

2001-க்கு முன் ரத்தம் ஏற்றியிருந்தால்...

இது பலரும் மறந்துவிடுகிற ஒன்று. கீமோ நடக்கும்போது குழந்தைக்குப் பலமுறை ரத்தமும் தட்டணுக்களும் ஏற்றுவார்கள். இந்திய ரத்த வங்கிகளில் ஹெபடைட்டிஸ் சி பரிசோதனை கட்டாயமானது 2001-ல்தான். அதற்கு முன் ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களில் சிலருக்கு அந்தக் கிருமி தெரியாமலே உடம்பில் இருக்கலாம். குமரி மாவட்டத்தில் இது எங்கே வெளிவரும் என்றால், வளைகுடா வேலைக்கான மெடிக்கலில். ஹெபடைட்டிஸ் பி, சி இருந்தால் அங்கே 'அன்ஃபிட்'. ஏஜென்டுக்குப் பணம் கட்டி, டிக்கெட் வரைக்கும் வந்த பிறகு தெரிந்து என்ன பயன்?

நல்ல செய்தி, ஹெபடைட்டிஸ் சி இப்போது குணமாகும் நோய். பெரும்பாலானவர்களுக்கு 12 வாரம் மாத்திரை போதும். 2018-ல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் பரிசோதனையும் மருந்தும் இலவசம்.

'வாழ்க்கைத் தரம்' என்றால் என்ன? எப்படி அளக்கிறார்கள்?

உலக சுகாதார நிறுவனத்தின் கேள்வித்தாள் ஒன்று இருக்கிறது, தமிழிலும் உண்டு. 26 கேள்விகள். உடல், மனம், உறவுகள், சுற்றுச்சூழல் என்று நான்கு பகுதிகளாக மதிப்பெண் போடுவார்கள். தூக்கம் எப்படி, கையில் காசு இருக்கிறதா, நண்பர்கள் ஆதரவு உண்டா, ஆஸ்பத்திரி வசதி எட்டுமா என்று அன்றாட விஷயங்கள்தான்.

இந்த மாதிரி ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிவது ஒன்றுதான்: பிழைத்தவர்களில் பெரும்பாலானோர் தங்கள் வாழ்க்கையை மற்றவர்களைப் போலவே நல்லதாகத்தான் சொல்கிறார்கள். அதே சமயம், குழந்தைப் பருவப் புற்றுநோயில் இருந்து மீண்ட 10,000-க்கும் மேற்பட்டவர்களை ஆராய்ந்து 2006-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், சராசரி 27 வயதுக்குள்ளேயே 62 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு நாள்பட்ட உடல் கோளாறு இருந்தது. இரண்டும் உண்மை. கோளாறு இருக்கும், வாழ்க்கையும் நன்றாக இருக்கும். முன்கூட்டியே கண்டுபிடித்தால்தான் இரண்டும் சேர்ந்து போகும்.

மனம் மட்டும் கொஞ்சம் வேறு கதை. சாதாரணக் காய்ச்சல் வந்தாலே 'மறுபடியுமா?' என்ற பயம். இது பிழைத்தவருக்கு மட்டுமல்ல, அம்மாவுக்கும் இருக்கும். தூக்கம் கெடும் அளவுக்குப் போனால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

கல்யாணத்துக்கு முன்னால் சொல்லணுமா?

பல வீடுகளில் சத்தமில்லாமல் நடக்கிற விவாதம் இது. "பெண்ணுக்குச் சின்னதுல வந்த நோயை இப்போ எதுக்குச் சொல்லணும்? வரன் தட்டிப் போயிரும்" என்பார் ஒரு மாமா. ஃபைலைப் பரண் மேல் தூக்கிப் போட்டுவிடுவார்கள். சில வீடுகளில் எரித்தும் விடுவார்கள்.

சொல்வதும் சொல்லாததும் குடும்பத்தின் முடிவு. ஆனால் பயத்துக்கான காரணங்கள் பலவும் தவறானவை. இது தொற்று நோய் அல்ல. பெரும்பாலும் பரம்பரையாகவும் வருவதில்லை. பிழைத்தவர்களுக்குப் பிறக்கும் குழந்தைகளுக்குப் பிறவிக் குறைபாடு மற்றவர்களைவிட அதிகம் வருவதில்லை என்பது பெரிய ஆய்வுகளில் உறுதியானது. வழக்கமான ஏ.எல்.எல். கீமோ மட்டும் எடுத்தவர்களில் பெரும்பாலானோருக்குக் குழந்தை பிறப்பதிலும் தடை இருக்காது. எலும்பு மஜ்ஜை மாற்று செய்தவர்கள், விதைப்பைக்குக் கதிர்வீச்சு பெற்றவர்கள், நோய் திரும்பி வந்து கூடுதல் மருந்து வாங்கியவர்கள் மட்டும் முன்கூட்டியே மருத்துவரைப் பார்ப்பது நல்லது.

மறைப்பதில் உண்மையான ஆபத்து ஒன்று இருக்கிறது. கர்ப்ப காலத்தில் இதயம் வழக்கத்தைவிடப் பாதி அளவு கூடுதலாக ரத்தம் பம்ப் செய்ய வேண்டும். சிவப்பு மருந்து வாங்கிய பெண்ணுக்குக் கர்ப்பத்துக்கு முன்போ முதல் மூன்று மாதத்திலோ எக்கோ எடுக்கச் சொல்கின்றன வழிகாட்டுதல்கள். பிரசவம் பார்க்கும் டாக்டருக்கு விஷயமே தெரியாவிட்டால் யார் எடுக்கச் சொல்வது? மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்கிறார்களோ இல்லையோ, அந்த டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும்.

மணவாளக்குறிச்சி மணல்தான் காரணமா?

குமரியில் புற்றுநோய் என்றாலே இந்தக் கேள்வி வரும். கடற்கரைக் கருமணலில் தோரியம் உள்ள மோனசைட் இருப்பதும், இயற்கைக் கதிர்வீச்சு கூடுதலாக இருப்பதும் உண்மை. இதே வகை மணல் உள்ள கேரளத்தின் கருநாகப்பள்ளியில் சுமார் 70,000 பேரைச் சராசரியாகப் பத்து வருடத்துக்கு மேல் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2009-ல் வெளியானது. இயற்கைக் கதிர்வீச்சுக்கும் ரத்தப் புற்றுநோய்க்கும் தொடர்பு அதில் தென்படவில்லை. கடற்கரையில் வீடு இருந்ததால்தான் பிள்ளைக்கு வந்தது என்று பெற்றோர் தங்களையே குற்றம் சொல்லிக்கொள்ள அந்த ஆய்வில் ஆதாரம் இல்லை.

பழைய ஃபைல் எங்கே?

சிகிச்சை முடித்தவர்களுக்காகவே தனி கிளினிக் டாட்டா மருத்துவமனையில் 1991 முதல் இருக்கிறது. குமரியில் இருந்து மும்பை வரை போக வேண்டிய தேவை பெரும்பாலானவர்களுக்கு இல்லை. எக்கோ, தைராய்டு, சர்க்கரை, கொழுப்பு, கல்லீரல் பரிசோதனைகள் மாவட்டத்துக்குள்ளேயே செய்யக்கூடியவைதான். எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிவதுதான் பிரச்சினை. அதற்குத் தேவை ஒரே ஒரு பக்கக் காகிதம்: சிகிச்சைச் சுருக்கம்.

நோயின் சரியான பெயர், சிகிச்சை தொடங்கி முடிந்த தேதி, சிவப்பு மருந்தின் மொத்த அளவு, சைக்ளோஃபாஸ்ஃபமைடு கொடுத்தார்களா, கதிர்வீச்சு எங்கே எத்தனை கிரே, எந்த வருடம் ரத்தம் ஏற்றினார்கள். இவ்வளவும் அதில் இருந்தால் எந்த ஊர் மருத்துவரும் மீதியைப் பார்த்துக்கொள்வார். சிகிச்சை எடுத்த மருத்துவமனையில் பழைய பதிவு எண்ணோடு போய்க் கேட்க வேண்டும். எண் தொலைந்திருந்தால் குழந்தையின் பெயர், அப்பா பெயர், சேர்த்த வருடம் சொல்லித் தேடச் சொல்லலாம். கையில் கிடைத்ததும் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. பெற்றோருக்கு மட்டுமே தெரிந்த விவரங்கள் அவர்களோடு போய்விடும். மூன்று வயதில் சிகிச்சை எடுத்தவருக்கு எது ஞாபகம் இருக்கும்?

போய் வரும் செலவுக்கு ஒரு வழி உண்டு. புற்றுநோய் நோயாளிகளுக்கான ரயில் கட்டணச் சலுகை, சிகிச்சைக்குப் போகும்போது மட்டுமல்ல, அவ்வப்போது பரிசோதனைக்குப் போகும் பயணத்துக்கும் பொருந்தும். ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் நோயாளிக்கு முழுச் சலுகை, துணைக்குப் போகிறவருக்கு 75 சதவீதம். மருத்துவமனை கொடுக்கும் சான்றிதழைக் காட்ட வேண்டும்.

காப்பீடு எடுப்பவர்கள் பழைய நோயை மறைக்காமல் எழுதுவது அவசியம். 2024-ல் வந்த காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணைய விதிகளின்படி, ஏற்கெனவே இருந்த நோய்க்கான காத்திருப்புக் காலம் அதிகபட்சம் மூன்று வருடம். முன்பு நான்காக இருந்தது. மறைத்து எடுத்த பாலிசியில், முதல் ஐந்து வருடத்துக்குள் அது தெரியவந்தால் நிறுவனம் பணம் தர மறுக்கலாம். பிரான்ஸ், நெதர்லாந்து, இத்தாலி போன்ற நாடுகளில் நிலைமை வேறு: குணமாகிக் குறிப்பிட்ட வருடங்கள் கடந்துவிட்டால், பழைய புற்றுநோயைப் பற்றிக் காப்பீட்டு நிறுவனம் கேட்கவே கூடாது என்று சட்டம் இருக்கிறது. இந்தியாவில் அப்படி ஒரு சட்டம் இன்னும் வரவில்லை.