மாணவர் கடன் கட்டப்படாவிட்டால் பிணை நின்றவருக்கு என்ன நடக்கும்?

வெட்டுப்புள்ளியில் தவறவிட்ட பிள்ளைக்குப் பட்டப்படிப்பு என்றால் இன்று பெரும்பாலும் வங்கிக் கடன்தான். 2017இல் அரசாங்கம் ஆரம்பித்த வட்டியில்லா மாணவர் கடனில் வட்டியைத் திறைசேரி ஏற்கிறது. ஆனால் அது மானியம் அல்ல. முதலை மாணவரே திருப்பிச் செலுத்த வேண்டும். வெளிநாடு செல்வோர் வட்டியுடனான கல்விக் கடனை எடுக்கிறார்கள். எதுவானாலும் வங்கி வழக்கமாகக் கேட்பது பிணையாளியை. நிரந்தரச் சம்பளம் உள்ள மாமாவோ, தெரிந்த ஆசிரியரோ கையொப்பம் வைக்கிறார். பலர் அதை ஒரு சிபார்சுக் கடிதம் போலத்தான் நினைத்து வைக்கிறார்கள்.

தவணை தவறினால் முதலில் தொலைபேசி அழைப்பும் நினைவூட்டற் கடிதமும் வரும். 90 நாட்களைத் தாண்டினால் அது செயற்படாக் கடனாக வகைப்படுத்தப்படும். பிறகு கிளை முகாமையாளரோடு பேசித் தீர்ப்பது கடினம். கோவை அறவீட்டுப் பிரிவுக்குப் போய்விடும்.

‘கிரிப்பில் பெயர் விழுந்துவிட்டது’ என்று ஊரில் சொல்வார்கள். 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த இலங்கைக் கடன் தகவல் பணியகம் கறுப்புப் பட்டியல் எதையும் வைத்திருப்பதில்லை. ஒழுங்காகக் கட்டப்படும் கடனும் அங்கே பதிவாகும், நிலுவையும் பதிவாகும். அதைப் பார்த்துக் கடன் கொடுப்பதா இல்லையா என்று தீர்மானிப்பது வங்கி. ஒருவர் நின்ற பிணையும் அவருடைய அறிக்கையில் இருக்கும் என்பது பலருக்குத் தெரியாது. தன் வீட்டுக் கடனுக்கு விண்ணப்பிக்கும் நாளில்தான் மருமகனின் நிலுவை பற்றி மாமாவுக்குத் தெரியவருகிறது.

அடுத்தது மாவட்ட நீதிமன்றம். 1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடன் அறவீட்டுச் சட்டத்தின்படி, வங்கியின் ஆவணங்களை வைத்தே மன்று முதலில் ஓர் இடைக்காலத் தீர்ப்பாணையை வழங்கலாம். எதிர்வாதம் செய்வதற்கே சத்தியக்கடதாசி மூலம் அனுமதி பெற வேண்டும். வந்த கட்டளையை அலுமாரிக்குள் வைத்துவிட்டால் அந்த ஆணை முடிவானதாகும், சொத்துக்குக் கைவைக்கவும் வழி திறக்கும். ஆனால் வழக்கின்றி வங்கியே ஏலம் விடும் அதிகாரம், அதே வங்கிக்கு ஈடு வைத்த சொத்துக்கு மட்டும்தான். வெறும் கையொப்பம் வைத்தவரின் வீட்டுக்கு அது பொருந்தாது.

‘முதலில் கடன் எடுத்தவரைப் பிடியுங்கள், பிறகு என்னிடம் வாருங்கள்’ என்று கேட்கும் உரிமையை உரோம-டச்சுச் சட்டம் பிணையாளிக்குத் தருகிறது. ஆனால் அந்த உரிமையைக் கைவிடுவதாக வங்கிகளின் பிணைப் பத்திரத்திலேயே வழக்கமாக ஒரு வாசகம் இருக்கும். என் பார்வையில், கையொப்பமிடுமுன் வாசிக்க வேண்டிய முதல் வரி அதுதான். மாணவர் கனடாவிலோ லண்டனிலோ இருந்தால் வங்கி முதலில் தட்டுவது யாழ்ப்பாணத்தில் இருப்பவரின் கதவை.

வேலை கிடைக்கவில்லை என்றால் 90 நாட்கள் முடியுமுன் கிளைக்குப் போய் மீள்அட்டவணைப்படுத்தக் கேளுங்கள். இணக்கத்தை எழுத்தில் வாங்குங்கள். பிணையாளி தன் கடன் அறிக்கையைப் பணியகத்திடம் தானே கேட்டுப் பெறலாம். தவணைகளைக் கட்ட நேர்ந்தால் பற்றுச்சீட்டுகளைத் தன் பெயரில் எடுத்து வைக்க வேண்டும். கட்டிய பணத்தைக் கடனாளியிடம் திருப்பிக் கேட்க அவருக்குச் சட்ட உரிமை உண்டு. அதற்குச் சான்று அந்தத் துண்டுகள்தான்.