புடிப்ரியான் வந்த வழியும் போன வழியும்

மனச்சோர்வுக்குத் தரப்படும் புப்ரோபியான் மருந்தை 1969-ல் உருவாக்கியவர் பரோஸ் வெல்கம் நிறுவனத்தின் வேதியியலாளர் நாரிமன் மேத்தா. 1985 கடைசியில் 'வெல்பியூட்ரின்' என்ற பெயரில் அமெரிக்காவில் விற்க அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அனுமதி கொடுத்தது. சில நோயாளிகளுக்கு வலிப்பு வரவே, மறு வருஷமே திரும்பப் பெறப்பட்டது. உச்ச அளவைக் குறைத்து 1989-ல் மீண்டும் வந்தது.

2003-ல் நாளைக்கு ஒன்று போட்டால் போதும் என்கிற 'எக்ஸ்எல்' மாத்திரை வந்தது. அதன் மேல்பூச்சு வழியே மருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். மருந்து முழுதும் இறங்கிய பிறகு வெறும் கூடு மலத்தோடு வெளியே வந்துவிடும். பார்த்துப் பயந்துபோகிறவர்களும் உண்டு.

2006 டிசம்பரில் இதன் மலிவான நகலான, அதாவது ஜெனரிக் வடிவமான 'புடிப்ரியான் எக்ஸ்எல் 300' அனுமதி பெற்றது. தயாரித்தது இம்பாக்ஸ், விற்றது டேவா. மருந்து ஒன்றுதான், ஆனால் மாத்திரையின் கட்டுமானம் வேறு. மேல்பூச்சை நம்பாமல், மெதுவாகக் கரையும் பொருளோடு மருந்தைக் கலந்து அழுத்தியிருந்தார்கள். இன்னொன்றும் உண்டு. மனிதர்களிடம் சோதித்தது 150 மில்லிகிராம் மாத்திரையை மட்டுமே. 300-ஐக் கொடுத்தால் ஆரோக்கியமானவர்களுக்கு வலிப்பு வருமோ என்ற அச்சம். 150 சரியாக இருந்தால் 300-ம் சரியாகத்தான் இருக்கும் என்று கணக்குப் போட்டுவிட்டார்கள்.

சில மாதங்களிலேயே புகார்கள் குவிந்தன: தலைவலி, பதற்றம், தூக்கமின்மை, அடங்கியிருந்த சோர்வு திரும்பவும் தலைதூக்குவது. மருந்துகளைப் பற்றிப் பத்திரிகையிலும் வானொலியிலும் பேசிவந்த ஜோ கிரேடன் இவற்றைத் திரட்டினார். 2007-ல் கன்ஸ்யூமர்லேப் என்ற சோதனை நிறுவனம் சோதித்தபோது, முதல் இரண்டு மணி நேரத்தில் வெல்பியூட்ரின் 8 சதவீத மருந்தை வெளிவிட்டது. புடிப்ரியான் 34 சதவீதம்.

2008-ல் எஃப்.டி.ஏ. தந்த பதில்: இரண்டும் சமம்தான், மனச்சோர்வு தானாகவே திரும்பக்கூடிய நோய். இந்தப் பதிலைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. ரத்த அழுத்தம் ஏறினால் கருவி காட்டிக்கொடுக்கும். மனசு சரியில்லை என்பதற்கு நோயாளியின் வாய்ச்சொல்லை விட்டால் வேறு சாட்சி இல்லை. அதையும் நோயின் கணக்கிலேயே எழுதிவிட்டால் அவர் யாரிடம் போய் முறையிடுவார்?

புகார்கள் ஓயவில்லை. கடைசியில் எஃப்.டி.ஏ.-வே 24 பேரிடம் 300 மில்லிகிராமைச் சோதிக்க ஏற்பாடு செய்தது. ரத்தத்தில் புடிப்ரியான் எட்டிய உச்ச அளவு, வெல்பியூட்ரினுடையதில் முக்கால் பங்குதான். 2012 அக்டோபரில் 'இது சமமான மருந்தல்ல' என்று அறிவிப்பு வந்தது. மாத்திரை சந்தையை விட்டுப் போனது. அனுமதி கிடைத்து ஏறக்குறைய ஆறு வருஷம் ஆகியிருந்தது. இதே 300 மில்லிகிராமை விற்ற மற்ற நான்கு நிறுவனங்களிடமும் தங்கள் மாத்திரையைச் சோதிக்கச் சொன்னார்கள். அவற்றில் வாட்சன் நிறுவனத்தின் மாத்திரை தேறவில்லை. மற்ற மூன்றும் தேறின.

அதனால் ஜெனரிக் என்றாலே பயப்பட வேண்டாம். அந்தக் குறைந்த விலை இல்லையென்றால் பலருக்கு வைத்தியமே இல்லை. ஆனால் கடைக்காரர் 'கம்பெனிதான் வேற, மருந்து ஒண்ணுதான்' என்று மாற்றிக் கொடுத்தால், அட்டையில் உள்ள கம்பெனிப் பெயரையும் வாங்கிய தேதியையும் குறித்து வையுங்கள். உடம்பிலோ மனசிலோ மாற்றம் தெரிந்தால், மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாமல் அந்த அட்டையோடு மருத்துவரைப் பாருங்கள்.