தலைப்புப் பக்கம் இல்லாத மூன்று புத்தகங்கள்

1592க்கும் 1595க்கும் இடையில் லண்டனில் மூன்று சிறிய இசைப் புத்தகங்கள் அச்சாயின. தலைப்புப் பக்கம் கிடையாது. முன்னுரை, ஸமர்ப்பணம், வருஷம், அச்சிட்டவர் பெயர் எதுவும் கிடையாது. அச்சின் தடயங்களைப் பிற புத்தகங்களோடு ஒப்பிட்டுத்தான், இவை தாமஸ் ஈஸ்ட் என்பவரின் அச்சகத்து வேலை என்றும், இன்ன வரிசையில் வந்தவை என்றும் பின்னால் நிர்ணயித்தார்கள். இவ்வளவு மறைத்த புத்தகங்களில் மறைக்கப்படாத ஒன்று உண்டு: பக்கங்களின் தலையில் வில்லியம் பேர்ட் என்ற பெயர். இந்த முரண்தான் என்னை பேர்டிடம் இழுத்தது.

புத்தகங்களில் இருந்தவை லத்தீன் பூசைக்கான இசை; நான்கு, மூன்று, ஐந்து குரல்களுக்காக ஒவ்வொன்று. எலிஸபெத்தின் இங்கிலாந்தில் கத்தோலிக்கப் பூசை குற்றம். 1581ஆம் வருஷச் சட்டப்படி, அரசாங்கத்தின் கோவிலுக்குப் போகாதவன் மாதம் 20 பவுண்டு அபராதம் கட்ட வேண்டும். 1585க்குப் பிறகு பாதிரிக்கு இடம் கொடுத்தவனுக்கு மரணம். பேர்டோ 1572லிருந்து ராணியின் சொந்தத் தேவாலய இசைக்குழுவில் உத்தியோகஸ்தர். அந்த ப்ராடஸ்டண்ட் வழிபாட்டுக்கு ஆங்கிலத்தில் இசையமைப்பது அவருடைய வேலை. அதையும் பிரமாதமாகவே செய்தார்.

இதை இரட்டை வாழ்க்கை என்று சொல்லி நிறுத்திவிடுவது எளிது. விமர்சகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிவதும் இங்கேதான். ஒரு கட்சிக்கு பேர்ட் ரகசியத் தியாகி. மற்றதற்கு அரண்மனைச் சம்பளக்காரர். இரண்டிலும் எனக்கு உடன்பாடில்லை. பாங்கில் பத்திரங்களோடு புழங்குகிற எனக்கு, அவர் விட்டுச்சென்ற குத்தகைக் காகிதங்களும் மனுக்களும் இரண்டையும் விட நம்பகமாகப் படுகின்றன. 1575ல் அவரும் குரு ஸ்தானத்தில் இருந்த தாமஸ் டாலிஸும் இசை அச்சடிக்கும் ஏகபோக உரிமையை 21 வருஷத்துக்கு ராணியிடம் வாங்கினார்கள். நன்றிக்குப் பதினேழு பதினேழாக 34 லத்தீன் பாடல்களை அச்சிட்டார்கள். அது ராணியின் ஆட்சியில் பதினேழாவது வருஷம். புத்தகம் விற்கவில்லை. 1577ல் நஷ்டக் கணக்கைச் சொல்லி ராணியிடமே மனுப் போட்டார்கள். கிடைத்தது.

இதைவிடக் கசப்பானது எஸ்ஸெக்ஸில் ஸ்டாண்டன் மாஸி கிராமத்து வீட்டு விவகாரம். அது ஷெல்லி என்ற கத்தோலிக்கக் குடும்பத்தின் சொத்து. கணவர் சதியில் சம்பந்தப்பட்டதாக அரசாங்கம் கைப்பற்றியது. குத்தகைக்கு எடுத்தவர் கத்தோலிக்கரான பேர்ட். விதவை ஷெல்லி அம்மாள் திரும்பக் கேட்டு வருஷக்கணக்காக வழக்காடினாள். சாகும்வரை பேர்ட் விடவில்லை. தன் மதத்துக்காகச் சொத்திழந்தவளின் வீட்டில் உட்கார்ந்துகொண்டு, தன் மதத்தாரின் துயரத்துக்கு இசை எழுதிய மனிதர். இதைச் சொல்லாமல் அவரைத் துதிப்பவர்களை நான் நம்புவதில்லை.

ஆனால் நான்கு குரல் பூசை இசையைக் கேட்கும்போது, இந்தக் காகிதங்களால் அதை விளக்கிவிட முடியாது என்றும் தெரிகிறது. அதே காலத்தில் ரோமில் பாலஸ்ட்ரீனா நூற்றுக்கு மேல் பூசைகளுக்கு இசையமைத்தார். அவருக்குப் பின்னால் ஒரு நிறுவனம், பாடகர்கள், கல்மண்டபம். பேர்டுக்கு மூன்றே மூன்று. பாடுபவர்கள் ஏதோ பிரபுவின் மாடி அறையில், வாசலில் ஆள் நிறுத்தி, தணிந்த குரலில் பாட வேண்டியவர்கள். இங்கிலாந்தில் இந்த வடிவம் முப்பது வருஷத்துக்கு மேலாக அற்றுப்போயிருந்தது. பேர்ட் அதைத் தனக்கு முந்தைய தலைமுறையின் டாவர்னரிடமிருந்து ஒரு இழையாக எடுத்துத் தொடங்குகிறார். கடைசிப் பகுதியான ‘ஆக்னுஸ் தேயி’ இரண்டு குரலில் ஆரம்பித்து, மூன்றாகி, ஸமாதானத்தை வேண்டும் இடத்தில் நான்காகிறது. அங்கே ஒரு குரல் தன் ஸ்வரத்தை விடாமல் பிடித்துக்கொள்கிறது. கீழே மற்றவை நகர்ந்துவிடுவதால் உரசல். அது ஒரு படி இறங்கி இணங்குவதற்குள் அடுத்த குரல் உரசலைத் தொடங்கிவிடுகிறது. ஸமாதானம் என்ற சொல்லுக்கு இவ்வளவு ஸமாதானமின்மையை வேறு யாரும் வைத்ததாக நான் கேட்டதில்லை. இறுதியில் ஒலி தெளிகிறது. அது கிடைத்த ஸமாதானமா, கேட்டு அலுத்துப்போனதா என்று ஒவ்வொரு முறையும் யோசிக்கிறேன்.

இதற்குப் பத்து வருஷம் முன்பே, ஹாப்ஸ்பர்க் அரசவையின் இசைத்தலைவர் பிலிப் த மாண்டே, பாபிலோன் சிறையைப் பற்றிய ஸங்கீதத்தை 1583ல் எட்டுக் குரலில் அமைத்து பேர்டுக்கு அனுப்பினார். அடுத்த வருஷம் அதே ஸங்கீதத்தின் வேறு வரிகளை எட்டுக் குரலில் அமைத்து பேர்ட் பதில் அனுப்பினார். அந்நிய மண்ணில் எப்படிப் பாடுவது என்று கேட்கும் வரிகளில் அந்தப் பதில் தொடங்குகிறது. பேர்ட் இருந்ததோ சொந்த மண்ணில். வாசகன் இல்லை என்று மாதாமாதம் அலுத்துக்கொள்ளும் நம்மவர்கள், ஒற்றை வாசகனுக்கு எழுதப்பட்ட இந்தப் பதிலைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

1605ல் வருஷம் முழுவதற்குமான பூசைப் பாடல்களை ‘க்ராடுவாலியா’ என்று, இம்முறை தலைப்புப் பக்கத்தோடு, வெளியிடத் துணிந்தார். அந்த நவம்பரில் பார்லிமெண்டை வெடிவைத்துத் தகர்க்கும் சதி பிடிபட்டது. புத்தகம் கையிலிருந்த குற்றத்துக்காக ஷார்ல் த லின்யி என்ற பிரெஞ்சுக்காரர் நியூகேட் சிறைக்குப் போனார். பேர்டை யாரும் தொடவில்லை. 1607ல் இரண்டாம் பாகம் வந்தது. 1610ல் இரண்டும் புதுத் தலைப்புப் பக்கங்களோடு மறுபடி வந்தன.

1622ல் எழுதிய உயிலில், கத்தோலிக்கனாகவே வாழ்ந்து சாக விரும்புவதாகச் சொல்லியிருக்கிறார். 1623 ஜூலை 4ல் ஸ்டாண்டனில் செத்துப்போனார். அரசாங்கத் தேவாலயத்தின் பதிவேடு அந்த மரணத்தைக் குறிக்கும்போது அவரை இசையின் தந்தை என்கிறது.