தைமஸ் சுரப்பியும் டி அணுக்களும்

நெஞ்செலும்புக்குப் பின்னால், இதயத்துக்குச் சற்று மேலே, இரு மடல்களாக அமைந்த மெல்லிய உறுப்பு ஒன்று உண்டு. தைமஸ் சுரப்பி என்பது அதன் பெயர். குழந்தைப் பருவத்தில் அது பருத்திருக்கும்; வயது ஏற ஏறச் சுருங்கிப் பெரும்பாலும் கொழுப்பாகிவிடும். இவ்வியல்பைக் கி.பி. 2-ஆம் நூற்றாண்டிலேயே கேலன் என்னும் கிரேக்க மருத்துவர் கண்டறிந்தார். ஆயினும் அச்சுரப்பியின் தொழில் யாது என்பது அவருக்குப் பின் 1,700 ஆண்டுகள் கடந்தும் விளங்கவில்லை.

தொழில் தெரியாத உறுப்பின்மீது பழி சுமத்துவது எளிது. 1889-இல் வியன்னா நகரத்துப் பால்தாஃப் என்பார், திடீரென மாண்ட குழந்தைகளின் உடலில் தைமஸ் பெரிதாக இருக்கக் கண்டு, அதற்கும் அச்சாவுக்கும் தொடர்பு உண்டு என்றார். பருத்த சுரப்பி மூச்சுக் குழலை நெருக்கிக் கொல்கிறது என்று கூறியவர்களும் இருந்தனர். உண்மையில் அக்குழந்தைகளின் சுரப்பி பருத்திருக்கவில்லை. இயல்பான அளவிலேதான் இருந்தது. உடற்கூற்று அறிஞர்கள் அதுவரை அறுத்துப் பார்த்தவை பெரும்பாலும் ஏழைகளின் உடல்கள். பட்டினியாலும் நெடுநாள் நோயாலும் வாடும் உடலில் தைமஸ் விரைவில் சுருங்கிப்போகும். சுருங்கியதையே இயல்பு என்று கொண்டவர்களின் கண்ணுக்கு இயல்பானது வீக்கமாகத் தோன்றிற்று.

இப்பிழையின் விலையைக் கொடுத்தவர்கள் குழந்தைகள். 1907 முதல், எக்ஸ்ரே கதிரைப் பாய்ச்சித் தைமஸைச் சுருக்கும் சிகிச்சை அமெரிக்காவில் பரவியது. நோயென்று ஒன்றுமில்லாத ஆயிரக்கணக்கான குழந்தைகள் அதற்கு உட்படுத்தப்பட்டனர். அவர்களுள் சிலருக்குப் பின்னாளில் தைராய்டுப் புற்றுநோய் கண்டது. 1950-இல் இத்தொடர்பு எடுத்துக்காட்டப்பட்ட பின்னரே அவ்வழக்கம் மெல்ல மெல்ல மறைந்தது.

உண்மை வெளிப்பட்டது வேறொரு தேடலின் நடுவே. பிரான்சில் பிறந்து, சிறுவயதில் சீனாவில் வாழ்ந்து, 1941-இல் குடும்பத்துடன் ஆஸ்திரேலியாவுக்குச் சென்றவர் ஜாக் மில்லர். அவர் 1958-இல் லண்டனுக்கு வந்து, எலிகளுக்கு இரத்தப் புற்றை உண்டாக்கும் வைரஸ் ஒன்றை ஆராயத் தொடங்கினார். அந்நோய் தைமஸிலேயே முளைத்தது. வளர்ந்த எலியின் தைமஸை நீக்கிவிட்டால் நோய் வருவதில்லை. பிறந்த குட்டியிலேயே நீக்கினால் என்ன ஆகும்? அவ்வினாவுக்கு விடை காண, பிறந்து ஒரு நாள்கூட நிறையாத, ஓரிரு கிராம் எடையே உள்ள குட்டிகளுக்கு அவர் அறுவை செய்தார். பால்குடி மறந்த சில வாரங்களில் அவை மெலிந்து, கழிச்சல் கண்டு மாண்டன. வைரஸ் செலுத்தப்பட்டவை மட்டுமா? இல்லை, செலுத்தப்படாதவையும் அவ்வாறே மாண்டன.

மில்லர் அக்குட்டிகளின் இரத்தத்தைச் சோதித்தார். நிணநீரணு எனப்படும் வெள்ளணுக்கள் மிகக் குறைந்திருந்தன. வேற்றினத்து எலியின் தோலை அவற்றின் உடலில் ஒட்டிப் பார்த்தார். நலமுள்ள எலி அதனைச் சில நாளில் உதிர்த்துவிடும். இக்குட்டிகளிலோ அந்நியத் தோல் நிலைத்து நின்று மயிரும் வளர்த்தது! தன்னுடையது எது, அயலானது எது என்று பிரித்தறியும் ஆற்றலே அவற்றிடம் இல்லை. 1961-இல் லான்செட் இதழில் இம்முடிவு வெளியாயிற்று. அதே காலத்தில் அமெரிக்காவிலும் இரு குழுவினர் இதனையொத்த முடிவுகளைக் கண்டனர். தம் முன்னோர் காணாததை மில்லர் கண்டதற்குக் காரணம் அவர் அறுத்த நாள்தான். வளர்ந்த விலங்கில் தைமஸ் தன் வேலையின் பெரும்பகுதியை முன்பே முடித்திருக்கும். அப்போது அதனை நீக்கினால் உடனே தீங்கு தென்படுவதில்லை.

உலகம் இதை எளிதில் ஏற்கவில்லை. 1960-இல் நோபல் பரிசு பெற்ற மெடவர் போன்ற பேரறிஞரே, 1963-இல்கூட, தைமஸில் வெள்ளணுக்கள் இருப்பது பெரிய பொருளில்லாத ஒரு தற்செயல் என்னும் கருத்தை எழுதினார். எலிகள் அசுத்தமான கொட்டிலில் இருந்ததால் மாண்டன என்றனர் வேறு சிலர். மில்லர் அமெரிக்காவுக்குச் சென்று, கிருமியே இல்லாத சூழலில் வளர்த்த எலிகளிடம் சோதனையைத் திரும்பச் செய்தார். அங்கே குட்டிகள் மெலியவில்லை. ஆனால் அந்நியத் தோலை விலக்கவும் இல்லை. அதன்பின் வாதத்துக்கு இடம் குறைந்தது.

மற்றொரு துண்டு கோழிப் பண்ணையிலிருந்து கிடைத்தது. ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் புரூஸ் கிளிக் என்பார் கோழிகளின் கழிவாயை ஒட்டியுள்ள பர்சா என்னும் சிறு பையை அறுத்து நீக்கி ஆராய்ந்து வந்தார். உடன் பயின்ற டிமதி சாங் தம் வகுப்பு மாணவர்களுக்குச் செய்முறை காட்ட அக்கோழிகளுள் சிலவற்றைக் கேட்டு வாங்கினார். கிருமிகளைச் செலுத்தினால் எதிர்ப்பொருள் உண்டாகும் என்று காட்டுவதே பாடம். எதிர்ப்பொருள் உண்டாகவில்லை, பாடம் கெட்டது, அறிவு பிறந்தது. 1956-இல் அவர்கள் எழுதிய கட்டுரையைப் பெரிய இதழ் ஒன்று ஏற்க மறுத்தது. கோழி வளர்ப்பு இதழே அதனை வெளியிட்டது. 1965-இல் மாக்ஸ் கூப்பரும் ராபர்ட் குட்டும் கோழிகளில் இவ்விரு படைகளையும் வேறுபடுத்திக் காட்டினர். எலியின் எலும்பு மச்சையிலிருந்து வரும் அணுக்களே எதிர்ப்பொருளைச் செய்கின்றன என்றும், தைமஸ் அணுக்கள் அதைச் செய்யாவிடினும் செய்யத் துணை நிற்கின்றன என்றும் 1968-இல் மில்லரும் அவர் மாணவர் மிட்செலும் மெல்பர்னில் நிறுவினர். தைமஸின் ஆங்கில முதலெழுத்தால் ஒன்று டி அணு ஆயிற்று. பர்சாவின் முதலெழுத்தால் மற்றொன்று பி அணு ஆயிற்று.

டி அணு பகைவனை எவ்வாறு அறிகிறது? 1970-களின் முற்பகுதியில் கான்பெராவில் பீட்டர் டோஹர்ட்டியும் ரோல்ஃப் சிங்கர்நாகலும் ஒரு விந்தையைக் கண்டனர். வைரஸ் பற்றிய எலியின் டி அணுக்கள் அவ்வைரஸ் புகுந்த அணுக்களைக் கொன்றன. ஆனால் அவ்வணுக்கள் தம் இனத்து எலியினுடையவையாக இருந்தால்தான். அதே வைரஸ் வேற்றினத்து எலியின் அணுவில் இருந்தால் தொடவில்லை. டி அணு, ஆன்டிஜென் எனப்படும் அயற்பொருளைத் தனியே பார்ப்பதில்லை. சொந்த அணு தன் மேற்பரப்பில் ஏந்திக் காட்டும் தாங்கி ஒன்றில் அப்பொருளின் சிறு துணுக்கு அமர்ந்திருந்தால்தான் பார்க்கிறது. 1987-இல் அத்தாங்கியின் உருவம் படம் பிடிக்கப்பட்டபோது, நடுவே ஒரு பள்ளம் தெரிந்தது. துணுக்கு அமரும் இடம் அதுவே. டோஹர்ட்டிக்கும் சிங்கர்நாகலுக்கும் 1996-இல் நோபல் பரிசு கிடைத்தது.

இக்கல்வியை அணுக்கள் பெறும் இடம் தைமஸ். எலும்பு மச்சையிலிருந்து அங்கே வரும் இளம் அணு ஒவ்வொன்றும் தன் மரபுக்கூறுகளை வெட்டி ஒட்டித் தனக்கெனத் தனியான ஓர் ஏற்பியை அமைத்துக்கொள்கிறது. சொந்தத் தாங்கியைச் சிறிதும் உணராத அணு மடிகிறது. உடலின் சொந்தப் பொருளையே பகையென்று பற்றும் அணுவும் மடிகிறது. 100-க்கு 95-க்கு மேற்பட்டவை இங்கேயே அழிகின்றன. இவ்வளவு கடுமையான தேர்வை எந்தப் பள்ளியும் நடத்தியதில்லை. தேறியவற்றுள் ஒரு சாரார் நோயுற்ற அணுக்களைக் கொல்வர். மற்றொரு சாரார் பி அணுக்களையும் பிறவற்றையும் தூண்டுவர். இத்துணையணுக்களை எச்.ஐ.வி. அழிப்பதனால்தான் எய்ட்ஸ் நோயாளி எளிய கிருமிகளுக்கும் இரையாகிறார்.

தேர்வுக்குத் தப்பி வெளியேறும் தவறான அணுக்களும் சில உண்டு. அவற்றை அடக்கும் தனிவகை டி அணுக்களை 1995-இல் ஜப்பானியர் ஷிமோன் சாகாகுச்சி இனங்கண்டார். அவருக்கும் மேரி பிரங்கோ, பிரெட் ராம்ஸ்டெல் ஆகியோருக்கும் 2025-ஆம் ஆண்டு நோபல் பரிசு வழங்கப்பட்டது.

வளர்ந்தவர்க்குத் தைமஸ் வேண்டாத பொருள் என்னும் எண்ணம் மட்டும் நெடுநாள் நீடித்தது. இதய அறுவையின்போது வழியை மறைக்கிறதென்று மருத்துவர் அதனை அகற்றுவதுண்டு. 2023-இல் அமெரிக்காவில் பாஸ்டன் ஆராய்ச்சியாளர்கள், தைமஸ் நீக்கப்பட்ட வளர்ந்தோரையும், அதுபோன்ற நெஞ்சறுவை செய்துகொண்டும் தைமஸை இழக்காதவரையும் ஒப்பிட்டுப் பார்த்தனர். ஐந்தாண்டுக்குள் முன்னவருள் 100-க்கு 8 பேரும், பின்னவருள் 3 பேரும் இறந்திருந்தனர். புற்றுநோயும் முன்னவரிடம் இரு மடங்காக இருந்தது.