நிற வெறிக்குச் சட்டம் தேடித் தந்த காரணங்கள்

நம்மூர் அரசுப் பள்ளி ஆசிரியருக்கு '17 பி மெமோ' என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. குற்றச்சாட்டு, விளக்கம், விசாரணை என்று படிகள் ஏறித்தான் ஒருவரைப் பணிநீக்கம் செய்ய முடியும். அமெரிக்காவில் இதற்கு இணையான பாதுகாப்புக்குப் பெயர் டெனியூர். சில ஆண்டுகள் தகுதிகாண் காலத்தில் வேலை பார்த்து அதைப் பெற்றுவிட்டால், சட்டத்தில் எழுதியுள்ள காரணம் இல்லாமல் நீக்க முடியாது. திறமையின்மை, கீழ்ப்படியாமை, ஒழுக்கக்கேடு, பணியிடம் ஒழிப்பு என்பவை பெரும்பாலான மாநிலங்களில் உள்ள காரணங்கள். 1909இல் நியூஜெர்சி முதலில் இப்படியொரு மாநிலச் சட்டம் கொண்டுவந்தது.

பட்டியலைப் படித்தால் அதில் நிறம் இல்லை. ஆனால் 1954இல் பிரவுன் வழக்கில் பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என்று தீர்ப்பு வந்த பிறகு தெற்கில் நடந்ததைப் பாருங்கள். வெள்ளையர் பள்ளியும் கறுப்பர் பள்ளியும் ஒன்றாக வேண்டும். எந்தப் பள்ளியை மூடினார்கள்? பெரும்பாலும் கறுப்பர் பள்ளியை. பள்ளி போனால் பணியிடம் போகும், பணியிடம் போனால் ஆசிரியரும் போவார். 'உங்களை நீக்கவில்லை, பணியிடம்தான் இல்லை' என்றார்கள். 1954 முதல் 1965 வரை தெற்கு, எல்லை மாநிலங்கள் 17இல் சுமார் 38,000 கறுப்பின ஆசிரியர்களும் தலைமையாசிரியர்களும் வேலை இழந்தார்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு.

மிசௌரி மாநிலத்தின் மோபர்லி நகரில் கறுப்பின ஆசிரியர்கள் ஒருவர்கூட மீண்டும் அமர்த்தப்படவில்லை. 'தகுதியை ஒப்பிட்டுத்தான் முடிவு செய்தோம்' என்றது பள்ளி வாரியம். 1959இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை ஏற்றது. தகுதி என்ற சொல்லை நாமும் இன்றுவரை கேட்டுக்கொண்டுதானே இருக்கிறோம்!

இன்னொரு வழி, பாதுகாப்பையே தராமல் இருப்பது. ஆர்கன்சாவில் டெனியூர் கிடையாது, ஆண்டுக்கு ஆண்டு ஒப்பந்தம்தான். அங்கே 1958இல் ஒரு சட்டம் வந்தது. ஐந்து ஆண்டுகளில் சேர்ந்த எல்லா அமைப்புகளின் பெயரையும் ஆசிரியர் எழுதித் தர வேண்டும். கறுப்பின மக்களின் உரிமைச் சங்கமான என்.ஏ.ஏ.சி.பி.யில் யார் இருக்கிறார்கள் என்று அறியும் வழி அது. லிட்டில் ராக்கில் 25 ஆண்டுகள் பணியாற்றிய பி.டி. ஷெல்டன் எழுதித் தர மறுத்தார். ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. 1960இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லாது என்றது, அதுவும் ஐந்துக்கு நான்கு என்ற நூலிழையில்.

தென் கரோலினா சுற்றி வளைக்கவில்லை. என்.ஏ.ஏ.சி.பி. உறுப்பினருக்கு அரசு வேலை இல்லை என்று 1956இல் நேரடியாகவே சட்டம் போட்டது. எல்லோரீ என்ற ஊரில் 21 ஆசிரியர்கள் பணியவில்லை. வேலையை இழந்தார்கள், அவர்களில் பலர் வழக்குத் தொடுத்தார்கள். தீர்ப்பு வருவதற்குள் அரசு சட்டத்தைத் திரும்பப் பெற்றது, வழக்கும் பயனற்றுப் போனது. பறித்துவிட்டுச் சட்டத்தை மாற்றிக்கொள்வது அரசுகளுக்குப் பழகிய வித்தை.

அதே சட்டத்தில் சிக்கியவர் சார்ல்ஸ்டனின் செப்டிமா கிளார்க். சுமார் 40 ஆண்டுகால ஆசிரியர். வேலை போனது, ஓய்வூதியமும் போனது. எதிர்த்து நிற்கலாம் என்று 700க்கும் மேற்பட்ட கறுப்பின ஆசிரியர்களுக்குக் கடிதம் எழுதினார். பதில் எழுதியவர்கள் 26 பேர். அவர்களைக் கோழைகள் என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது. குடும்பத்தில் படித்து வேலைக்குப் போன முதல் ஆள் கையெழுத்துப் போட யோசிப்பது நமக்குத் தெரியாததா?

பள்ளி வாசல் மூடியதும் அவர் குடியுரிமைப் பள்ளிகளைத் தொடங்க உதவினார். எழுத்தறிவுத் தேர்வைக் காட்டி வாக்குரிமை மறுக்கப்பட்டவர்கள் அங்கே படித்துப் பதிவு செய்தார்கள்.

1969 இறுதியில் சிங்கிள்டன் வழக்கில்தான் ஐந்தாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: பள்ளி இணைப்பில் ஆட்குறைப்பு என்றால் பாகுபாடற்ற, எழுதி வைத்த அளவுகோல் வேண்டும். அதற்குள் ஆயிரக்கணக்கானோர் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

செப்டிமா கிளார்க்குக்கு ஓய்வூதியம் 1976இல் திரும்பக் கிடைத்தது. அதற்கு முந்தைய ஆண்டே சார்ல்ஸ்டன் பள்ளி வாரியத்துக்கு அவரை மக்கள் தேர்ந்தெடுத்திருந்தார்கள்.